நோய்க்குப் பின் டானிக்

காய்ச்சல் தணிந்த பின்னும் உடற்சோர்வு எளிதில் அகலுவதில்லை. விடியலில் பால் வெட்டச் சென்றவர் பாதி நிரை முடிப்பதற்குள் மூச்சு வாங்கி மரத்தடியில் அமர்ந்துவிடுகிறார். அத்தகைய வேளையில், சம்பள நாளன்று கடையிலிருந்து ஒரு டானிக் புட்டி வீடு வந்து சேருவது நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். அப்புட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

இவ்வாணிபத்தின் வயது நூறாண்டுக்கும் மேல். கனடா நாட்டு ஜார்ஜ் ஃபுல்ஃபோர்டு என்பார் 1890இல் ஒரு மாத்திரையின் உரிமையை விலைக்கு வாங்கி, வெளிறியவர்களுக்கான டாக்டர் வில்லியம்ஸ் இளஞ்சிவப்பு மாத்திரை என்று உலகெங்கும் விளம்பரம் செய்தார். மலாயாவின் ஆங்கில நாளேடுகளிலும் அவ்விளம்பரம் வந்தது. நலமடைந்தவர்களின் கதைகள் பத்தி பத்தியாக அச்சேறின. 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இத்தகைய மருந்துகளைப் பகுத்தாய்ந்து ஒரு நூல் வெளியிட்டது. அம்மாத்திரையில் பயன் தரும் முதன்மைப் பொருள் மலிவானதோர் இரும்பு உப்பே என்பது அப்போது வெளியாயிற்று.

இரும்பு வீணான பொருளன்று. அது இல்லாமல் இரத்தம் ஊறாது. ஆனால் அக்காலத் தோட்டங்களில் முகம் வெளிறியதற்குப் பெருங்காரணங்கள் மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஆகும். மலேரியாக் கிருமி சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். பின்னர் குடலைப் பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். மர நிழல், ஈரம், வெறுங்கால், கழிப்பிடக் குறைவு ஆகிய யாவும் ஒன்றுகூடிய ரப்பர்த் தோட்டம் அதற்கு வாய்ப்பான இடமாயிற்று. 1915இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை மலாயாவுக்கு அனுப்பியது இதன் பொருட்டே. புழுவைக் குடலில் வைத்துக்கொண்டு இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்குவது ஓட்டை மங்கில் பால் சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

மற்றொரு வகை டானிக் ஒயின். இங்கிலாந்தின் நாரிச் நகரில் தோன்றிய விங்கார்னிஸ் நம் நாட்டில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கென்றே பெயர் பெற்றது. தொடக்கத்தில் அதில் இறைச்சிச் சாறும் மால்ட்டும் சேர்ந்திருந்தன. நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு மதுச்சாரம் கொண்ட இது, பீரைப்போல் மூன்று மடங்கு கடுமையானது. சம்சுவை வாசற்படி ஏறவிடாத வீடுகளும் இதனை மருந்தென்று ஏற்பது வியப்புக்குரியது. குடித்தவுடன் உடல் வெதுவெதுப்பது மதுவினாலேயன்றி இரத்தம் ஊறுவதனாலன்று. பாலூட்டும் தாய் அருந்தினால் அது தாய்ப்பாலிலும் கலக்கும்.

அவ்வாறாயின், டானிக் குடித்தோர் தேறியது எங்ஙனம்? சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். உடல் புதியவற்றை இடையறாது உண்டாக்குகிறது. ஓய்வும் உணவும் கிடைத்தால் சில வாரங்களில் பலர் தாமே தேறுவர். புட்டி தீர்வதற்கும் அதே கால அளவு ஆகிறது. புகழ் புட்டிக்குச் சேர்கிறது!

இழப்பு பணம் மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். டிங்கிக் காய்ச்சலின் சோர்வு வாரக்கணக்கில் நீடித்துத் தானே மறையக்கூடும். காசநோயின் சோர்வோ மறையாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, இரவு வியர்வை ஆகியவை இருக்க, டானிக்கை நம்பி நாளைக் கழித்தால் நோய் முற்றும்; வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றும். ஆகவே முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுமாறு வேண்டுகிறோம். குடிமக்களுக்கு அங்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளியே. இரத்தத்தைச் சோதித்து, குறைவு இரும்பினாலா வேறு நோயினாலா என்று அவர்கள் கண்டறிவர்.

இரும்பு மாத்திரை கொடுத்தால், சோர்வு நீங்கியதும் நிறுத்திவிடாமல் மருத்துவர் சொல்லும் காலம்வரை உண்ண வேண்டும். தேநீரும் காப்பியும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். மாத்திரைக்கும் அவற்றுக்கும் இடையே ஓரிரு மணி நேரம் விடுக. கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ அதற்குத் துணை செய்யும். ஈரல், மீன், பருப்பு, கீரை ஆகியவை உணவில் சேரட்டும். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டா. அது மாத்திரையின் நிறமே.

மருந்தென்று விற்கும் எதையும் வாங்குமுன் புட்டியில் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் பதிவெண் உண்டா என்று பாருங்கள். 1984ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவு பெறாத மருந்தை விற்பது குற்றம். இரும்பு மாத்திரைகளை மிட்டாயென்று எண்ணி விழுங்கிய குழந்தைகள் உயிரிழந்ததுண்டு. எனவே, அவற்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.