துருக்கி மொழிக்குத் தமிழே வழி

ஆங்கிலப் பாடநூலை வைத்துத் துருக்கி மொழி படிப்பவர் தொடக்கத்திலேயே மிரண்டுபோகிறார். வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுகிறது, ஒரே சொல்லில் நான்கைந்து விகுதிகள் அடுக்கப்படுகின்றன. ஆங்கிலேயருக்கு இவை புதுமை; தமிழருக்கு அன்றாடப் பேச்சு. நாமும் ஏன் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? தமிழில் நினைத்ததை அதே வரிசையில் துருக்கியில் சொல்லிப் பழகுவதே நேர்வழி.

'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன். 'கிதாபு ஒகுதும்' என்றால் புத்தகத்தைப் படித்தேன், அதாவது குறிப்பிட்ட ஒன்றை. இரண்டாம் வேற்றுமை எங்கே தொக்கு நிற்கும், எங்கே விரியும் என்பது நமக்குப் பழகிய சங்கதி. அந்தக் 'கிதாபு'வின் ஈற்றொலிகூட நம் குற்றியலுகரத்தை ஒட்டியதே. 'அலி கெல்தி மி?' என்பது அலி வந்தானா. 'அலி மி கெல்தி?' என்பது அலியா வந்தான். 'மி' என்ற வினாச்சொல், நம் ஆகாரத்தைப் போலவே, எதைக் கேட்கிறோமோ அதன் பின்னால் போய் நிற்கிறது. 'கிதிப் கெல்திம்' போய் வந்தேன். 'கெலென் அதாம்' வந்த ஆள். நேரில் காணாமல் கேள்விப்பட்டதைச் சொல்ல 'கெல்மிஷ்' என்பார்கள். நாம் வந்தானாம் என்கிறோம். பேச்சு வழக்கும் இப்படியே. டீ கீ என்று நாம் சொல்வதை அவர்கள் 'சாய் மாய்' என்கிறார்கள். முன்பின் தெரியாதவரையும் 'அபி', 'அப்லா' என்று அண்ணன் அக்காவாக்கிக்கொள்கிறார்கள்.

இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடக் கூடாது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளை, துருக்கியும் அடங்கிய 'சித்திய' மொழிகளோடு உறவுபடுத்தினார். இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டாலும் அமைப்பு ஒத்திருப்பது கற்பவருக்குப் போதும்.

இரு மொழிகளுக்கும் உள்ள வேறுபாடுகள் நம்மைத் தடுமாற வைக்காதா என்று கேட்கலாம். வைக்கும். துருக்கியின் எட்டு உயிரொலிகள் வாயின் முன், பின் என்று பிரிந்து, விகுதியையும் தம் பக்கம் இழுக்கின்றன: வீடுகள் 'எவ்லெர்', புத்தகங்கள் 'கிதாப்லார்'. 'படித்த' என்ற ஒரே எச்சம் படித்த பெண்ணுக்கும் நான் படித்த புத்தகத்துக்கும் நமக்குப் போதும். அங்கே முன்னதற்கு 'ஒகுயான்', பின்னதற்கு 'ஒகுதூம்'. அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஒ' ஒன்றே. உழைப்பவரைக் கண்டால் 'கொலாய் கெல்சின்', வேலை எளிதாகட்டும் என்று வாழ்த்தும் வழக்கத்தையும் புதிதாகத்தான் பழக வேண்டும். ஆனால் இந்த வேறுபாடுகள்தாம் என் வாதத்துக்கு வலு. தெரிந்ததை மறுபடி படிப்பதில் வீணாகும் காலம் மிஞ்சினால், உழைப்பு முழுவதையும் இவற்றில் செலுத்தலாம்.

எழுவாய், வேற்றுமை, பெயரெச்சம், வினையெச்சம் என்ற நம் இலக்கணச் சொற்களைக் கொண்டே துருக்கி மொழியைக் கற்பிக்கும் தொடக்க நூலைத் தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகள் எழுதித் தர வேண்டும்.