பூனையோடு ஜப்பான்: ஏன் 180 நாள்?

ஜப்பானில் விலங்குகளிடையே வெறிநோய் கடைசியாகத் தென்பட்டது 1957-ல். அதுவும் ஒரு பூனைக்கு. அதனால்தான் இந்தியாவிலிருந்து பூனையைக் கொண்டுபோவதற்கு அத்தனை கெடுபிடி.

இதில் வரிசை முக்கியம். முதலில் மைக்ரோசிப். அதன் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. இல்லையென்றால், ஊசி போட்டது இந்தப் பூனைக்குத்தான் என்று எப்படி நிரூபிப்பது? பூனை பிறந்து 91 நாளாவது ஆகியிருக்கணும். 30 நாள் கழித்து இரண்டாவது ஊசி. பிறகு ரத்தம் எடுத்து, ஜப்பான் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்பணும்.

ரிசல்ட் நன்றாக வந்தாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்கணும். காரணம் எளிது. ஊசி வேலை செய்ததா என்பதை மட்டுமே அந்தப் பரிசோதனை சொல்லும். ஊசிக்கு முன்பே கிருமி உடம்புக்குள் போயிருந்தால்? அது வெளிப்பட மாதக்கணக்கில் ஆகலாம்.

அவசரப்பட்டுக் கிளம்பினால், மிச்ச நாட்களைப் பூனை அங்கே தனிமைக் கூண்டில் கழிக்கும். எல்லாம் முறையாக இருந்தால் 12 மணி நேரத்துக்குள் விட்டுவிடுவார்கள்.

ஆக, முதல் ஊசியிலிருந்து குறைந்தது 210 நாள். வேலை மாற்றம் பற்றிப் பேச்சு எழும்போதே சிப்பைப் போட்டுவிடுங்கள். விசா சீக்கிரம் வந்துவிடும். பூனையின் 180 நாளை யாராலும் குறைக்க முடியாது.