ஈட்டிய வருமான வரி வரவு

ஈட்டிய வருமான வரி வரவு என்பது குறைந்த ஊதியத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் அரசு வருமான வரியின் வழியாக வழங்கும் உதவியாகும். 1975 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இத்திட்டம், இன்று அந்நாட்டின் மிகப் பெரிய வறுமைக் குறைப்புத் திட்டங்களுள் ஒன்று. 2022 வரி ஆண்டுக்காக ஏறத்தாழ 2.3 கோடி தொழிலாளர்களும் குடும்பங்களும் சுமார் 5,700 கோடி டாலரை இதன்மூலம் பெற்றனர். உழைப்பவருக்கு மட்டுமே உதவி என்ற இதன் அடிப்படை விதி பாராட்டையும் எதிர்ப்பையும் ஒருசேரப் பெற்றுள்ளது.

வரிக் கழிவும் வரி வரவும்

வரிக் கழிவு என்பது வரி கணக்கிடப்படும் வருமானத்தைக் குறைப்பது. வரி வரவு என்பது செலுத்த வேண்டிய வரியையே நேரடியாகக் குறைப்பது. பெரும்பாலான வரி வரவுகள் வரித்தொகை சுழியத்தை எட்டியதும் நின்றுவிடும். ஈட்டிய வருமான வரி வரவு அவ்வாறு நிற்பதில்லை. ஒருவர் 1,000 டாலர் வரி செலுத்த வேண்டியிருந்து, அவருக்கு 4,000 டாலர் வரவு கிடைத்தால், மீதமுள்ள 3,000 டாலரை அரசு அவருக்குப் பணமாகவே திருப்பித் தரும். வருமான வரி செலுத்தும் அளவுக்குச் சம்பாதிக்காத ஏழைகளுக்கும் பயன் சென்று சேர்வது இந்த ஏற்பாட்டினால்தான்.

வரலாறு

பொருளியலாளர் மில்ட்டன் ஃபிரீட்மன் 1962 இல் 'எதிர்மறை வருமான வரி' என்ற கருத்தை முன்வைத்தார். குறிப்பிட்ட வருமானத்திற்குக் கீழ் உள்ளோரிடம் வரி வாங்குவதற்கு மாறாக அரசு அவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது அதன் சாரம். 1969 இல் அதிபர் ரிச்சர்ட் நிக்சன், குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு அடிப்படை வருமானம் அளிக்கும் திட்டத்தை முன்மொழிந்தார். அது செனட் அவையில் நிறைவேறவில்லை. வேலை செய்யாதவருக்கும் பணம் தருவதை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் லூசியானா மாநில செனட்டர் ரசல் லாங். அதற்கு மாற்றாக, உழைப்பவருக்கு மட்டும் ஊக்கத்தொகை தரலாம் என்று அவர் வலியுறுத்தினார்.

அந்தக் கருத்தே 1975 இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு காலத்தில் சட்டமானது. ஏழைகளின் ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரியின் சுமையை ஈடுசெய்வதும் அதன் நோக்கமாக இருந்தது. அப்போது உச்சத் தொகை 400 டாலர் மட்டுமே. 1978 இல் திட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. ரீகன், மூத்த புஷ், கிளின்டன் ஆகியோர் ஆட்சியில் முறையே 1986, 1990, 1993 ஆம் ஆண்டுகளில் விரிவாக்கப்பட்டது. இரு பெரும் கட்சிகளும் மாறி மாறி வளர்த்த சமூக நலத் திட்டங்கள் அமெரிக்காவில் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

செயல்படும் முறை

வரவு மூன்று கட்டங்களாக அமைந்துள்ளது. 2024 வரி ஆண்டில், இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளலாம்.

1. ஏறுமுகம்: ஊதியம் 17,400 டாலரை எட்டும் வரை, ஈட்டும் ஒவ்வொரு டாலருக்கும் 40 சென்ட் வரவு சேரும். 12,000 டாலர் ஈட்டினால் 4,800 டாலர் கிடைக்கும்.

2. சமநிலை: 17,400 டாலரில் வரவு அதன் உச்சமான 6,960 டாலரை எட்டும். ஊதியம் 22,720 டாலர் ஆகும் வரை அதே தொகை நீடிக்கும்.

3. இறங்குமுகம்: அதற்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 21 சென்ட் வரவு குறையும். 40,000 டாலர் ஊதியத்தில் ஏறத்தாழ 3,320 டாலர் கிடைக்கும். 55,768 டாலரில் வரவு முற்றிலும் நின்றுவிடும்.

குழந்தைகளின் எண்ணிக்கைக்கேற்ப உச்சத் தொகை மாறும். அதே ஆண்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ளோருக்கு 7,830 டாலர், ஒரு குழந்தை உள்ளோருக்கு 4,213 டாலர், குழந்தை இல்லாதோருக்கு 632 டாலர் என வரையறுக்கப்பட்டது.

பயன்கள்

வேலையில் இல்லாத ஒருவர் வேலைக்குச் செல்ல இத்திட்டம் தூண்டுகிறது என்பது ஆதரவாளர்களின் முதன்மை வாதம். வழக்கமான உதவித் திட்டங்களில் ஊதியம் உயர்ந்தால் உதவி குறையும். இங்கே தொடக்கக் கட்டத்தில் ஊதியத்தோடு உதவியும் உயர்கிறது. நாடா எய்சா, ஜெஃப்ரி லீப்மன் ஆகிய பொருளியலாளர்கள் 1996 இல் வெளியிட்ட ஆய்வு, 1986 ஆம் ஆண்டு விரிவாக்கத்திற்குப் பின் தனித்து வாழும் தாய்மார் வேலைக்குச் செல்வது கூடியதாகக் காட்டியது. குழந்தைகளின் தேர்வு மதிப்பெண், பிறப்பு எடை ஆகியவற்றில் முன்னேற்றம் கண்ட ஆய்வுகளும் உள்ளன.

இந்த முடிவுகளை அனைவரும் ஏற்பதில்லை. 1990களில் தாய்மார் பெருமளவில் வேலைக்குச் சென்றதற்கு, 1996 ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தமும் அக்காலப் பொருளாதார வளர்ச்சியுமே பெரும் காரணம் என்று பொருளியலாளர் ஹென்ரிக் கிளெவன் வாதிடுகிறார். எனினும், வேலைவாய்ப்பின் மீதான விளைவு சிறிதாயினும், கையில் சேரும் பணம் குடும்பங்களின் வறுமையைக் குறைக்கிறது என்பதை மறுப்போர் குறைவு.

நியாயம் குறித்த விவாதம்

வேலையற்றோர்: வேலை இழந்தவர், நோயாளியைப் பராமரிப்பதால் வேலைக்குச் செல்ல இயலாதவர் ஆகியோர் ஆண்டு முழுவதும் ஊதியம் ஈட்டாவிட்டால் எதுவும் பெறுவதில்லை. மிகவும் ஏழையான குழந்தைக்கு மிகக் குறைந்த உதவி என்ற நிலை இதனால் உருவாகிறது. 2021 இல் குழந்தைகளுக்கான மற்றொரு வரி வரவு, ஊதியமே இல்லாத குடும்பங்களுக்கும் ஓராண்டு மட்டும் முழுமையாக வழங்கப்பட்டது. அவ்வாண்டு, அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை அளவீட்டின்படி, குழந்தை வறுமை 5.2 விழுக்காடாகக் குறைந்தது. அந்த ஏற்பாடும் பெருந்தொற்றுக்கால உதவிகளும் முடிந்த பின் 2022 இல் அது 12.4 விழுக்காடாக உயர்ந்தது.

குழந்தை இல்லாதோர்: ஒரே கடையில் ஒரே ஊதியத்திற்கு வேலை செய்யும் இருவரில், குழந்தை உள்ளவர் ஆயிரக்கணக்கில் பெற, மற்றவர் சில நூறு டாலரோடு நிற்க நேரிடும். வழக்கமான விதிப்படி 25 வயதுக்குக் குறைந்தவர் குழந்தை இல்லையெனில் எதுவும் பெற முடியாது.

திருமணம்: தனித்தனியே வரவு பெறும் இருவர் மணந்துகொண்டால், இருவரின் ஊதியமும் ஒன்றாகக் கணக்கிடப்பட்டு வரவு குறையலாம்.

கூடுதல் உழைப்பு: இறங்குமுகக் கட்டத்தில் ஒருவர் கூடுதலாக உழைத்தால், வரவில் 21 விழுக்காடும், சமூகப் பாதுகாப்பு, மருத்துவ வரிகளாக 7.65 விழுக்காடும், அவற்றோடு வருமான வரியும் சேர்ந்து அந்தக் கூடுதல் ஊதியத்தைக் குறைக்கின்றன.

முதலாளிகள்: வரவை நம்பிப் பலர் வேலைக்கு வரும்போது ஊதியம் உயராமல் இருக்கக்கூடும். அப்போது பயனின் ஒரு பகுதி முதலாளிகளுக்குச் செல்கிறது. இக்கவலை பழமையானது. 1795 இல் இங்கிலாந்தின் ஸ்பீனம்லாந்தில், ரொட்டி விலைக்கேற்பக் கூலியை நிரப்பும் முறை அறிமுகமானபோதும் இதே குறை சொல்லப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போதிய அளவில் இருந்தால் இந்தக் கசிவு குறையும் என்பர்.

நடைமுறைச் சிக்கல்கள்

விதிகள் சிக்கலானவை. குழந்தை ஆண்டில் பாதிக்கு மேல் யாருடன் வசித்தது என்பது போன்ற வினாக்களில், பிரிந்து வாழும் பெற்றோர் எளிதில் தவறுகின்றனர். ஆண்டுதோறும் வழங்கப்படும் தொகையில் 20 விழுக்காட்டுக்கும் மேல் முறையற்ற செலுத்தம் என அரசே மதிப்பிடுகிறது. அதில் மோசடியும் உண்டு, அறியாப் பிழையும் உண்டு. மறுபுறம், தகுதியுடையோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பிப்போரிலும் பலர் கட்டணம் கொடுத்து முகவர்களை நாடுவதால் உதவியின் ஒரு பகுதி அங்கே செலவாகிறது.

தணிக்கையிலும் சமமின்மை வெளிப்பட்டது. கறுப்பின வரிசெலுத்துவோர் பிறரைவிடப் பன்மடங்கு தணிக்கைக்கு உள்ளாவதாக 2023 இல் ஒரு ஆய்வு காட்டியது. இந்த வரவு தொடர்பான தணிக்கைகள் அதற்கு முக்கியக் காரணம். வரித்துறை ஆணையர் அவ்வேறுபாட்டை ஒப்புக்கொண்டு, தணிக்கை முறையை மாற்றுவதாக அறிவித்தார்.

பிரித்தானிய அனுபவம்

பிரித்தானியா 1999 இல் இதையொத்த வரவை அறிமுகப்படுத்தி, 2003 இல் விரிவாக்கியது. அங்கு ஆண்டு வருமானத்தை முன்கூட்டியே மதிப்பிட்டுத் தவணைகளாகப் பணம் வழங்கப்பட்டது. வருமானம் எதிர்பார்த்ததைவிடக் கூடியபோது, ஏற்கெனவே செலவழித்த பணத்தைத் திருப்பித் தருமாறு பல குடும்பங்கள் கேட்கப்பட்டன. 2025 ஏப்ரலில் அம்முறை முடிவுக்கு வந்து, ஒருங்கிணைந்த உதவித்தொகை அதன் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் ஆண்டு முடிந்த பின் மொத்தமாகத் தருவதால் அத்தகைய கடன் பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் ஜூன் மாத வாடகைக்குத் தவிக்கும் குடும்பம் அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும்.

மதிப்பீடு

வேலையில் உள்ள, குழந்தைகளை வளர்க்கும் ஏழைகளின் வருமானத்தை உயர்த்துவதில் இத்திட்டம் பயனுள்ளது என்பதற்கு வலுவான சான்று உண்டு. வேலையில்லாக் காலத்திற்கான பாதுகாப்பாக அது வடிவமைக்கப்படவில்லை. பொருளாதார மந்தத்தில் வேலை இழப்போர், தேவை மிகுந்த அதே வேளையில் வரவையும் இழக்கக்கூடும். எனவே வேலையின்மை உதவி, குழந்தைகளுக்கான நேரடி உதவி, குறைந்தபட்சக் கூலி ஆகியவற்றுடன் சேர்ந்தே இது முழுப்பயன் தரும். அவற்றுக்கு மாற்றாக நின்றால், உதவி மிகவும் தேவைப்படுவோர் விடுபட்டுப் போவர்.