உடம்பைக் குறைக்கும் ஊசியும் காப்புறுதியும்

கல்முனைப் பக்கத்து அரச ஊழியர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: "உடம்பைக் குறைக்கும் ஊசிக்கு அக்ரஹார பணம் தருமா?" சம்பளத்தில் கழிபடும் இக்காப்புறுதியை, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே அது உதவும். ஆகவே ஊசி வாங்குமுன் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள்.

செமாக்ளூடைட் எனும் இவ்வாராந்த ஊசியைப் பருமனுக்கென அமெரிக்கா 2021இல் அங்கீகரித்தது. நிறுத்தியவர்களை ஆராய்ந்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துள் திரும்பியிருந்தது. எனவே ஒரு மாத விலையையல்ல, பல வருடச் செலவையே கணக்கிட வேண்டும். நகையை அடகு வைத்துத் தொடங்கினால் நடுவில் நின்றுவிடும்.

நீரிழிவுக்கான மெட்போமின் குளிசை அரச கிளினிக்கில் இலவசம். 35 வயது கடந்தோரின் எடையையும் சீனியையும் பிரஷரையும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் காசின்றிப் பார்க்கிறார்கள்.