சட்டம்பியார் யார்?

அகராதியில் சொல்லுக்கு நேரே பொருள் நிற்கும். அச்சொல் எங்கே, எக்காலத்தில், எவ்வளவு மரியாதையோடு வழங்கியது என்பது பெரும்பாலும் நிற்பதில்லை. தொழில் செய்வோரைக் குறிக்கும் பெயர்களில் இக்குறை நன்கு தெரியும்.

என் தொழிலையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஆசிரியருக்குச் சட்டம்பியார் என்று பெயர். 'ஆர்' விகுதி ஊர் கொடுத்த மதிப்பு. இதன் உறவுச்சொல்லான சட்டாம்பிள்ளை தமிழகத் திண்ணைப் பள்ளிகளில், வாத்தியார் இல்லாத வேளை வகுப்பை அடக்கிய மாணவனைக் குறித்தது. கேரளத்திலும் முதலில் அப்படியே. சட்டம்பி சுவாமிகளுக்கு (1853–1924) அப்பெயர் பள்ளிப் பருவத்தில் வந்ததுதான். இன்றோ மலையாளத்தில் சட்டம்பி என்றால் சண்டியன்! பிரம்பு பிடித்த கையைப் பிள்ளைகள் மறக்கவில்லைப் போலும்.

1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி யாழ்ப்பாண வழக்குகளுக்குத் தனிக் குறியீடு இட்டது. நல்ல காரியம். ஆனால் அச்சேறிய பின்னர் சொல் நகர்ந்தால் அகராதி என்ன செய்யும்?

சங்கப் புலவர் மதுரைக் கணக்காயனாரைக் கணக்குப்பிள்ளை என்று என் மாணவன் ஒருவன் பரீட்சையில் எழுதினான். அவனைக் குறைகூற எனக்கு மனமில்லை. கணக்கு என்பது நூலையும் குறித்தது. பதினெண்கீழ்க்கணக்கு அதற்குச் சான்று. நூல் ஓதுவிப்பவர் கணக்காயர். அவரும் வாத்தியார்தான்! இன்றைய கணக்கோ பணத்தோடும் எண்ணோடும் நின்றுவிட்டது.

இப்பொழுது எங்களைப் பிள்ளைகள் 'சேர்' என்கிறார்கள். சட்டம்பியார் என்று வாய்நிறையச் சொல்பவர்கள் முதியவர்களே. அகராதி தொகுப்போர் அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.