சுவரில் ஓடிய தெரு

கோடை மதியம். கல்கத்தா பவானிபூரில் பகுல்பகான் சாலை. (பகுல் என்பது நம் மகிழமரம்.) வெயிலுக்காக ஜன்னல்களை அடைத்திருக்கிறார்கள். இருட்டறையில் ஒரு சிறுவன் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். ஜன்னல் இடுக்கில் நுழைந்த வெளிச்சம் தெருவையே உள்ளே கொண்டுவந்துவிட்டது. கார், ரிக்‌ஷா, சைக்கிள், பாதசாரிகள் எல்லாம் சுவரில் தலைகீழாகப் போகிறார்கள்.

ஒளி நேர்கோட்டில் செல்வதால் சிறு துளை வழியே மேலுள்ளது கீழாகவும் கீழுள்ளது மேலாகவும் விழும். காமிராவின் சூத்திரமே இதுதான். பையனுக்கோ அது காசில்லாத சினிமா.

அவன்தான் சத்யஜித் ராய். 1923 செப்டம்பரில் தந்தை சுகுமார் ராய் இறந்தபோது அவனுக்கு இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை. குடும்பத்தின் அச்சுத் தொழிலும் நொடித்துப்போக, ஆறு வயது வாக்கில் தாய் சுப்ரபாவுடன் மாமா வீட்டுக்கு வந்தான். எட்டு வயது தாண்டும்வரை பள்ளிக்கூடம் கிடையாது; அம்மாவிடம்தான் பாடம். இன்றைக்கென்றால் 'பையன் வீணாகிறான்' என்று உறவினர்கள் பதறியிருப்பார்கள். ராயோ 1982இல் நூலாக வந்த பால்ய நினைவுகளில் அந்தச் சுவர்ப் படத்தை ரசித்து விவரிக்கிறார். 'சாருலதா'வில் (1964) நாயகி ஜன்னல் இடுக்கு வழியே தெருவை வேடிக்கை பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மதியம்தான் ஞாபகம் வரும்.

தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய சிறுவர் இதழ் 'சந்தேஷ்'. நின்றுபோன அதை 1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மீண்டும் கொண்டுவந்தார் ராய். ஃபெலுதாவின் துப்பறியும் கதைகள் அதில்தான் பிறந்தன.

தந்தையின் 'ஆபோல் தாபோல்' நூலோ அவர் இறந்த ஒன்பதாம் நாள் வெளிவந்தது. அதில் 'ஹாஷ்ஜாரு' என்றொரு பிராணி: 'ஹாஷ்' வாத்து, 'ஷஜாரு' முள்ளம்பன்றி. வங்காளியில் இரண்டு சொற்களும் வழுக்கிக்கொண்டு ஒட்டிக்கொள்கின்றன. தமிழில் வாத்தும் முள்ளம்பன்றியும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளன் பிழைப்பு அப்படி.

சமீபத்தில் பவானிபூரில் ஒரு தமிழ்க் குடும்பத்து வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறு வயதுப் பெண்ணுக்கு அபாகஸ், ஓவியம், கீபோர்டு, டியூஷன். அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஓவிய வகுப்பில் யானைக்குச் சாம்பல் நிறம்தான் அடிக்க வேண்டுமாம். என் தொழில் கஷ்டத்தை அவளிடம் சொல்லி, இந்தப் பிராணிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன்.

"முள்வாத்து" என்றாள், யோசிக்காமல். பிறகுதான் யோசித்தாள். "மாமா, அது முட்டை போடுமா, குட்டி போடுமா? முட்டையிலும் முள் இருக்குமா?"

"பேசினது போதும்டா, டியூஷனுக்கு நேரமாச்சு" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.