காய்கனிகளின் நிறமும் உடல்நலமும்: நிறமிகள் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பல நிறக் காய்கனிகளை உண்ண வேண்டும் என்னும் அறிவுரை இன்று பரவலாக வழங்குகிறது. நிறம் எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டத் தவறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நிறம் உணவின் பன்மைக்கு வழிகாட்டியே அன்றிச் சத்தின் அளவுகோல் அன்று என்பதும், நிறமியைத் தனியே பிரித்து உட்கொள்வது காய்கனிக்கு ஈடாகாது என்பதும் இதன் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: நிறமி, கரோட்டினாய்டு, ஆந்தோசயனின், பீட்டாலைன், உயிர்ச்சத்து ஏ

முன்னுரை

தமிழில் 'பச்சை' என்னும் சொல் நிறத்தையும் சமைக்காத நிலையையும் ஒருங்கே குறிக்கிறது. 'பழுப்பு' என்னும் நிறப்பெயர் 'பழு' என்னும் வினையடியோடு தொடர்புடையது. பழுக்கும் நிலையிலுள்ள காய் 'செங்காய்' எனப்படுகிறது. நிறமாற்றத்தைக் கொண்டு உணவின் நிலையை அறியும் வழக்கம் இச்சொற்களில் பதிந்துள்ளது. இம்மாற்றத்திற்குக் காரணமான நிறமிகளையும் அவற்றின் பயன்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறமிகளின் வகைகள்

காய்கனிகளின் நிறத்திற்குப் பச்சையம், கரோட்டினாய்டு, ஆந்தோசயனின், பீட்டாலைன் ஆகியன முதன்மைக் காரணங்களாகும். ஒரே நிறம் ஒரே நிறமியால் அமைவதில்லை. தக்காளியின் சிவப்பு லைக்கோபீன் என்னும் கரோட்டினாய்டால் அமைவது. மாதுளையின் சிவப்பு ஆந்தோசயனினால் அமைவது. பீட்ரூட், செந்தண்டுக்கீரை ஆகியவற்றின் சிவப்பு பீட்டாலைனால் அமைவது. ஆந்தோசயனினும் பீட்டாலைனும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை.

இவ்வேறுபாட்டைச் சமையலறையிலேயே காணலாம். தக்காளியை எண்ணெயில் வதக்கும்போது எண்ணெய் சிவக்கிறது. பீட்ரூட்டை வேகவைக்கும்போது நீர் சிவக்கிறது. முன்னது கொழுப்பில் கரைவது. பின்னது நீரில் கரைவது. எனவே பீட்ரூட் வெந்த நீரைக் கொட்டிவிட்டால் நிறமியின் ஒரு பகுதியும் உடன் வீணாகிறது.

நிறம் மறைப்பவை

நிறத்தை மட்டும் நோக்கினால் சில உண்மைகள் புலப்படா. முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் மிகுந்துள்ளது. எனினும் அதன் மஞ்சள் நிறத்தைப் பச்சையம் மறைத்துவிடுகிறது. விழித்திரையின் மஞ்சள் புள்ளியில் சேரும் லூட்டீனும் கரும்பச்சைக் கீரைகளில் மிகுதி. வாழைக்காய் பழுக்கும்போது தோலின் பச்சையம் சிதைவதால் முன்பே இருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. தக்காளியிலோ லைக்கோபீன் புதிதாக உருவாகிறது. வெங்காயம், பூண்டு, முள்ளங்கி ஆகியவற்றின் சிறப்பு கந்தகச் சேர்மங்களில் உள்ளது. அதற்கு நிறம் சான்றாகாது.

உடலில் சேரும் முறை

பீட்டா கரோட்டின் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுகிறது. இச்சத்தின் குறைபாடு மாலைக்கண் நோய்க்குக் காரணமாவதால், குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து ஏ வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 1970இல் தொடங்கியது. ஆனால் இம்மாற்றம் முழுமையாக நிகழ்வதில்லை. உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் ரெட்டினாலுக்குச் சமமாகக் கணக்கிடப்படுகிறது. வேகவைத்தல் தாவர உயிரணுச் சுவரைத் தளர்த்துகிறது. உடன் சேரும் கொழுப்பு குடல் உறிஞ்சலுக்குத் துணைசெய்கிறது. கீரையில் நெய் சேர்ப்பதும் பொரியலில் தேங்காய்த் துருவல் இடுவதும் சுவைக்காக மட்டுமன்றி இவ்வகையிலும் பயன் தருவன.

பிரித்தெடுத்த நிறமி

குருதியில் பீட்டா கரோட்டின் மிகுந்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டமையால், அதனை மாத்திரையாக வழங்கினால் நோயைத் தடுக்கலாம் என்னும் கருதுகோள் எழுந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்ததாக 1994இல் முடிவு வெளியாயிற்று. அமெரிக்காவில் புகைபிடிப்போரிடமும் கல்நார்த் தொழிலாளரிடமும் நடைபெற்ற மற்றோர் ஆய்வில், பீட்டா கரோட்டினும் உயிர்ச்சத்து ஏ-யும் சேர்த்து வழங்கப்பட்டன. அங்கும் தீங்கு தென்பட்டமையால் 1996இல் மாத்திரை வழங்குவது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

காய்கனியால் இத்தீங்கு விளைவதாக இம்முடிவுகள் கூறவில்லை. குருதியிலுள்ள நிறமி, காய்கனி மிகுதியாக உண்ணும் பழக்கத்தின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். அப்பழக்கத்துடன் நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலேட் முதலியனவும் உடலை அடைகின்றன. அடையாளத்தையே காரணமாகக் கொண்டது அக்கருதுகோளின் குறையாகும்.

முடிவுரை

உலக நல நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகளைப் பரிந்துரைக்கிறது. மாவுச்சத்து மிக்க கிழங்குகள் இக்கணக்கில் சேரா. இவ்வளவைப் பல நிறங்களிலிருந்து பெறும்போது வெவ்வேறு சேர்மங்கள் உடலை அடைய வாய்ப்பு மிகுகிறது. நிற அறிவுரையின் உண்மைப் பயன் இதுவே. அதனை எடுத்துரைக்கும் நூல்களும் பாடங்களும், நிறமற்ற காய்களை விலக்காமலும், சமைக்கும் முறையைப் புறக்கணியாமலும், மாத்திரையைக் காய்கனிக்கு ஈடாக்காமலும் அமைதல் வேண்டும்.